‘கொஞ்சம் கலர் கம்மி’: ஒரு வார்த்தை எப்படி கிரீம் டப்பா ஆகிறது?

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் தெப்ராவ் பக்கம் இருக்கும் ஏதாவது ஒரு ஷாப்பிங் மாலுக்குப் போயிருந்தா, இந்தக் காட்சியை நீங்க பார்த்திருப்பீங்க. துணி எடுத்து முடித்த குடும்பம் அடுத்ததாக அழகுசாதன அடுக்குக்கு முன்னால் வந்து நிற்கும். ‘வைட்டனிங்’, ‘பிரைட்டனிங்’, ‘குளோ’ என்று வரிசையாக டப்பாக்கள். பதினைந்து, பதினாறு வயசுப் பெண் ஒருத்தி ஃபவுண்டேஷனைத் தன் மணிக்கட்டில் தேய்த்துப் பார்ப்பாள். அவள் நிறத்துக்குப் பொருந்துவது இருக்காது, இருந்தாலும் ஒன்றோ இரண்டோதான். பக்கத்தில் நிற்கும் அம்மா, ‘கொஞ்சம் வெளுப்பாவே எடு, போட்டோவுல நல்லா விழும்’ என்பார்.

அம்மா கெட்டவர் இல்லை. அவரிடமும் யாரோ இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பெண்களின் உடல் தோற்றம், தன்னம்பிக்கை என்று பேச்சு வந்தாலே, ‘கான்ஃபிடன்ஸ் வேணும்’, ‘உன்னை நீயே நேசி’ என்ற அறிவுரையில் வந்து முடிந்துவிடுகிறது. பிரச்சினை அந்தப் பெண்ணின் மனசுக்குள் இருப்பது போலவும், அவளே அதைச் சரி செய்துகொள்ள வேண்டும் என்பது போலவும் பேச்சு போகிறது. அந்தத் தாழ்வு எண்ணம் வெளியிலிருந்து எந்த வழியாக வருகிறது, அதில் யாருக்குக் காசு, கடைசியில் உடம்புக்கு என்ன ஆகிறது என்று கொஞ்சம் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம். உடல் எடை, உயரம், முடி, முகப்பரு என்று எல்லாமே இதில் உண்டு. ஆனால் நம்ம வீடுகளில் முதலில் வந்து நிற்பது தோல் நிறம். அதனால் அதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

முதல் குரல் வீட்டிலிருந்து

உடல் தோற்றம் பற்றிய எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலில் அதிகம் பயன்படும் விளக்கம் ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் கெவின் தாம்ஸனும் அவருடைய சகாக்களும் 1999இல் முன்வைத்தது. பெற்றோர், நண்பர்கள், ஊடகம் என்று மூன்று பக்கத்திலிருந்தும் அழுத்தம் வருகிறது. அந்த அழுத்தம் இரண்டு வழிகளில் உள்ளே இறங்குகிறது. ஒன்று, ‘இதுதான் அழகு’ என்று மற்றவர்கள் சொல்வதை நம்முடைய சொந்தக் கருத்தாகவே எடுத்துக்கொள்வது. இன்னொன்று, எந்நேரமும் மற்றவரோடு நம்மை ஒப்பிட்டுப் பார்ப்பது.

இதில் பெற்றோரும் உறவினர்களும் பேசுவது நம்ம ஊரில் தனிப் பாடமே ஆகும். ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்ற வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? சொல்பவர் பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார். ஆனால் அந்த ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: கறுப்பு ஒரு குறை, களை அதற்கு இழப்பீடு.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, ஒரு கல்யாண மண்டபத்தில் அத்தை ஒருவர் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, ‘முக அமைப்பு எல்லாம் அண்ணன் மாதிரியே, கலர்தான் கொஞ்சம் கம்மி’ என்றார். ஐந்து விநாடிப் பேச்சு. அத்தை அடுத்த நிமிஷமே சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார். இப்போது எனக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. வீடியோ காலில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று இன்னமும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

மலேசியத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு மடிப்பும் இருக்கிறது. இன்று அடுக்குமாடியும் மாலும் நிற்கும் தெப்ராவ் ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த பகுதி. வெயிலில் நிற்கும் வேலைக்கும் கறுத்த தோலுக்கும் முடிச்சுப் போட்ட நினைவு குடும்பங்களுக்குள் தங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. ‘வெயில்ல நிக்காதே’ என்பதில் உடல்நல அக்கறையோடு, தோட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்று காட்டும் தவிப்பும் கலந்திருக்கிறது. காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெண்கள், விரல் நுனி வரை மூடும் ஜாக்கெட் போடுவதற்குக் காற்று மட்டுமா காரணம்?

அதோடு, இந்த நாட்டில் இந்தியர்கள் மக்கள்தொகையில் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. தேசிய விளம்பரத்திலும், பள்ளி வகுப்பறையிலும், மேக்கப் அடுக்கிலும் ‘இயல்பான நிறம்’ என்று வைக்கப்படுவது பெரும்பாலும் நம்முடையது இல்லை. வீட்டில் ‘கலர் கம்மி’, வெளியே ‘ஹீத்தாம்’. இரண்டு பக்கமும் ஒரே சேதிதான், மொழிதான் வேறு.

பத்து வருஷ இடைவெளியில் ஒரே நகைச்சுவை

2007இல் வந்த ‘சிவாஜி’ படம் நினைவிருக்கா? அதில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வருவார்கள், அங்கவை, சங்கவை. நடிகைகளுக்குக் கறுப்பு மேக்கப் போட்டு, அவர்களைக் கண்டாலே கதாநாயகன் தரப்பு மிரள்வதுதான் காமெடி. அந்தப் பெயர்கள் யாருடையவை தெரியுமா? பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரியின் மகள்களுடையவை. நிறத்தைக் கேலி செய்ய அந்தப் பெயர்களா என்று அப்போதே பலர் கேட்டார்கள். அதே படத்தில் கதாநாயகனும் கறுப்புதான்; கதாநாயகிக்காக வெள்ளையாக முயற்சி செய்யும் காட்சிகளும் உண்டு. ஆனால் அவருக்கு அது ஒரு விளையாட்டு, கடைசி வரை அவர்தான் ஹீரோ. அங்கவைக்கும் சங்கவைக்கும் நிறம் மட்டும்தான் கதாபாத்திரம்.

சரியாகப் பத்து வருஷம் கழித்து, 2017 ஜூனில், வாட்சன்ஸ் மலேசியா நோன்புப் பெருநாளுக்கு ஒரு விளம்பரக் காணொளி வெளியிட்டது. டாயாங் செனாண்டோங் என்ற மலாய் நாட்டுப்புறக் கதையின் சாயல். இனிய குரல் கொண்ட பெண்ணைத் தேடுகிறார் ஒரு பணக்காரர். முகத்திரை விலகும்போது நடிகையின் முகம் கறுப்பு மை பூசியது போல இருக்கும், பார்த்தவர் அதிர்ந்துபோவார். பிறகு கடைப் பொருட்கள் வந்து, அவள் ‘அழகாகி’ விடுவாள். மலேசியர்கள் எல்லா இனத்திலிருந்தும் கொந்தளித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, காணொளியை நீக்கியது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சினிமா சிரிக்கவைத்து விட்டுவிட்டது, விளம்பரம் அந்தச் சிரிப்புக்குப் பக்கத்திலேயே மருந்தையும் வைத்தது. முதலில் குறையைக் காட்டணும், அப்புறம்தான் டப்பாவை விற்க முடியும்.

இந்த வியாபாரத்தின் மூத்த பெயர் ‘ஃபேர் அண்ட் லவ்லி’. இந்தியாவில் 1975இல் சந்தைக்கு வந்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு எழுந்த இனவெறி எதிர்ப்பு அலையில், யூனிலீவர் அதன் பெயரை ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றியது. பெயர்தான் மாறியது, கிரீம் கடையிலேயே இருக்கிறது. ‘எல்லா உடலும் அழகுதான்’ என்ற பிரசாரத்தை 2004 முதல் நடத்திவரும் டவ் சோப்பும் இதே யூனிலீவருடையதுதான். ஒரே நிறுவனம் ஒரு கையால் தாழ்வு எண்ணத்தையும், இன்னொரு கையால் தன்னம்பிக்கையையும் விற்க முடியும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அதே 2020 ஜூனில், திருமணத் தகவல் தளமான ஷாதி டாட் காம், தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. அமெரிக்காவில் வாழும் இந்தியப் பெண்கள் ஆன்லைனில் கையெழுத்து திரட்டிய பிறகு நடந்தது அது. சென்னையில் இதற்கெல்லாம் பத்து வருஷம் முன்பே, 2009இல், ‘விமன் ஆஃப் வர்த்’ என்ற அமைப்பின் கவிதா இம்மானுவேல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற பிரசாரத்தைத் தொடங்கியிருந்தார். 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானதும் உலகம் திரும்பிப் பார்த்தது. நம்ம பக்கத்துக் கல்யாணத் தரகர்களுக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போல.

படம் பார்த்தா உண்மையிலேயே மனசு மாறுமா?

‘இதெல்லாம் சும்மா, டிவி பார்த்து யாரும் கெட்டுப்போகல’ என்று சொல்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். டிவியே இல்லாத ஊரில் டிவி வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அப்படி ஒரு வாய்ப்பு ஃபிஜித் தீவில் கிடைத்தது.

ஃபிஜியின் நாட்ரோகா பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. அங்கே காலங்காலமாக, வாட்டசாட்டமான உடம்புதான் நல்ல உடம்பு. ‘மெலிஞ்சிட்டியே’ என்பது அனுதாபப் பேச்சு. ஹார்வர்ட் ஆய்வாளர் ஆன் பெக்கர், டிவி வந்த சில வாரங்களில் ஒரு தடவையும், மூன்று வருஷம் கழித்து 1998இல் இன்னொரு தடவையும் பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தார். உணவுக் கோளாறுக்கான அறிகுறி காட்டியவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடானார்கள். எடையைக் குறைக்க வேண்டும் என்று தாங்களே வாந்தி எடுத்தவர்கள் 1995இல் ஒருவர்கூட இல்லை, 1998இல் 11.3 விழுக்காடு. ஒவ்வொரு தடவையும் அறுபது சொச்சம் மாணவிகள்தான், அதனால் எண்களை ரொம்ப இழுக்கக் கூடாது. ஆனால் ஒரு தலைமுறையின் அழகுக் கணக்கு மூன்றே வருஷத்தில் ஆட்டம் காண முடியும் என்பது அதில் தெரிந்தது.

ஃபிஜி மாணவிகள் பார்த்தது அமெரிக்க டிவி தொடர்கள், நடிகைகள், தூரத்து முகங்கள். உங்க கையில் இருக்கும் போனில் வருவது பக்கத்து வகுப்புப் பெண்ணின் முகம், அதுவும் ஃபில்டர் போட்ட முகம். சினிமா நடிகையோடு தோற்றால் ‘அவ நடிகை’ என்று சொல்லிக்கொள்ளலாம். வகுப்புத் தோழியோடு தோற்றால் என்ன சொல்வது?

இன்ஸ்டாகிராமுக்கே இது தெரிந்திருந்தது. 2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களில், மூன்றில் ஒரு பதின்வயதுப் பெண்ணுக்கு உடல் தோற்றம் பற்றிய கவலையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அவர்களுடைய ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே அந்தக் கவலை இருப்பதாகச் சொன்ன பெண்களில்தான் மூன்றில் ஒருவர், எல்லாப் பெண்களிலும் இல்லை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. அந்தத் திருத்தம் முக்கியம்தான். ஆனால் யோசிச்சுப் பாருங்க, வீட்டில் ஏற்கெனவே ‘கலர் கம்மி’ கேட்ட பெண்தானே அந்தக் கணக்குக்குள் வருகிறவள்?

தோல் நிறத்தைச் சத்தமில்லாமல் ஒரு படி வெளுப்பாக்கும் ஃபில்டர்கள் நிறைய உண்டு. நாலு மாசம் அதில் செல்ஃபி எடுத்துப் பழகினால், கண்ணாடியில் தெரியும் சொந்த முகமே வேறு யாரோ மாதிரி ஆகிவிடும். அடுத்த ஸ்வைப்பில் கிரீம் விளம்பரம்.

டப்பாவுக்குள்ள என்ன இருக்கு?

இங்கேதான் ‘மனசு’ சமாச்சாரம் உடம்புச் சமாச்சாரமாக மாறுகிறது.

வெண்மைக் கிரீம் எல்லாமே விஷம் இல்லை. ஆனால் ஒரு வாரத்தில் வெளுப்பாக்கும் கிரீம்களில் அடிக்கடி சிக்குகிற பொருட்கள் நான்கு: பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் வெலரேட் என்ற ஸ்டீராய்டு. சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ, இவை கலந்த அழகுசாதனப் பொருட்களின் பெயர்களைத் தொடர்ந்து அறிவித்து, அனுமதியை ரத்து செய்துவருகிறது. பின்னால் சொன்ன மூன்றும் மருந்துகள். டாக்டர் பார்த்து, அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியவை. பாதரசத்துக்கு எந்த நியாயமும் கிடையாது.

தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால் கிரீம் ‘வேலை செய்யும்’. பிரச்சினையே அதுதான், பலன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பாதரசம் தோல் வழியே ரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. பூசியவர் தொட்ட தலையணை, துண்டு, அவர் தூக்கும் குழந்தை என்று வீட்டில் மற்றவர்களுக்கும் அது போய்ச் சேர முடியும்.

கேரளாவின் மலப்புறம் மாவட்டம், கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில் 2021க்கும் 2023க்கும் இடையே சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பாதிக்கப்பட்ட 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வந்திருந்தது நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர், அறிகுறி தொடங்குவதற்கு முன்னால் வெண்மைக் கிரீம் பூசியவர்கள். கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம், ‘முகத்துக்கு என்ன போடுறீங்க?’ என்று டாக்டர் கேட்டதால்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்கள் தேறினார்கள் என்பது ஆறுதல்.

ஸ்டீராய்டு கலந்த கிரீம் வேறு மாதிரி பிடிக்கும். முதல் சில வாரம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு வரும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும். பயந்துபோய் மறுபடியும் அதையே பூசுவோம்.

‘நான் வாங்குறதுல நோட் நம்பர் இருக்கே’ என்று நீங்க கேட்கலாம். சந்தைக்கு வரும் ஒவ்வொரு அழகுசாதனப் பொருளுக்கும் என்பிஆர்ஏவிடம் அறிவிக்கை செய்து வாங்கும் எண் அது, நோட் என்று தொடங்கும். அந்த எண் இல்லாத பொருளைத் தொடவே தொடாதீங்க. ஆனால் எண் இருப்பதாலேயே சோதித்துப் பார்த்துச் சான்று கொடுத்தார்கள் என்று அர்த்தம் இல்லை. 2008 தொடக்கத்திலிருந்து மலேசியாவில் இருப்பது அறிவிக்கை முறை. ‘என் பொருளில் இவைதான் இருக்கின்றன, பாதுகாப்புக்கு நான் பொறுப்பு’ என்று நிறுவனமே உறுதி சொல்லும், எண் கிடைக்கும், பொருள் கடைக்கு வரும். மாதிரி எடுத்துச் சோதிப்பது அதற்குப் பிறகு. ரத்து அறிவிப்பு வருவதற்குள் எத்தனை பேர் பூசி முடித்திருப்பார்கள்?

பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் எதுவானாலும் 2025க்குள் நிறுத்தப்பட வேண்டும் என்று மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023இல் முடிவு செய்தன. அதற்கு முன்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை விட்டுவைத்திருந்தார்கள். காகிதத்தில் கதவு மூடியாச்சு. வாட்ஸ்அப் குரூப்பில் திறந்தே இருக்கிறது.

விற்கிற அக்காவும் ஒரு வாடிக்கையாளர்தான்

இதை எழுதும்போது எனக்குச் சங்கடமாக இருப்பது இந்த இடத்தில்தான். இந்தக் கிரீம்களை விற்பவர்கள் பலர் பெரிய வில்லன்கள் இல்லை. வீட்டிலிருந்தே டிக்டாக் லைவ் போடும் அக்கா, பசார் மாலத்தில் சின்ன மேசை போடும் சின்னம்மா, வேலைக்குப் போக முடியாத இளம் தாய். ‘ஏஜென்ட்’ ஆனால் மாதம் கொஞ்சம் ரிங்கிட் கைக்கு வரும். முதலில் அவரே பூசி, ‘பிஃபோர், ஆஃப்டர்’ படம் போட்டவர்தான். கையில் சொந்த வருமானம் வந்ததில் அவருக்குக் கூடிய தன்னம்பிக்கை நிஜமானது. அதை நாம் கேலி செய்ய முடியாது.

ஆனால் சட்டம் ஏஜென்ட்டைத் தனியாகப் பார்க்காது. 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளை மீறி விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனமானால் 50,000 ரிங்கிட் வரை. கிரீமைத் தயாரித்தவர் யாரென்றே தெரியாமல், டப்பாவை மட்டும் கைமாற்றிவிட்ட அக்காவின் பெயரில் சம்மன் வரலாம். உங்க வீட்டில் யாராவது இப்படி விற்கிறார்கள் என்றால், இந்த ஒரு பத்தியை மட்டுமாவது காட்டுங்க.

மெலிவு மாத்திரை, மெலிவுக் காப்பிக் கதையும் இதேதான். பசியை அடக்கும் சிபுட்ராமின் என்ற மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் 2010இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகும் ‘இயற்கை மூலிகை’ என்ற லேபிளுக்குப் பின்னால் அது பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது.

கமென்ட் போடுறவங்களுக்கு?

2024 ஜூலையில், ஈஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட ராஜேஸ்வரி, இணைய மிரட்டலுக்கும் வசவுக்கும் ஆளாகி உயிரிழந்தது நம் எல்லோரையும் உலுக்கியது. அது தோல் நிறம், எடை சார்ந்த வழக்கு இல்லை. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் அதில் ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 100 ரிங்கிட் என்று தெரிந்தபோது, பழைய சட்டம் எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பது புரிந்தது. அதன் பிறகுதான் குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. ஒருவரை வேதனைப்படுத்தும் நோக்கத்தோடு மிரட்டினால், வசைபாடினால், அவமானப்படுத்தினால் இப்போது மூன்று வருஷம் வரை சிறை உண்டு. நேரிலும் பொருந்தும், ஆன்லைனிலும் பொருந்தும்.

யாராவது உங்க நிறத்தையோ உடம்பையோ வைத்துத் தொடர்ந்து தாக்கினால், அழிப்பதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. தேதியும் கணக்கின் பெயரும் தெரிய வேண்டும். பிறகு போலீஸ் புகார், எம்சிஎம்சி புகார். மனசு ரொம்ப பாரமாக இருந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, பிஃபிரண்டர்ஸ் 03-7627 2929. அத்தை சொன்ன ‘கலர் கம்மி’க்கு எந்தப் பிரிவும் கிடையாது. அங்கே அப்பாவோ அம்மாவோ உடனே குறுக்கே பேசினால்தான் உண்டு, ‘என் பொண்ணு கலருக்கு என்ன குறை?’ என்று, எல்லோர் முன்னாலும். எனக்கு அன்று யாரும் பேசவில்லை.

வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு கிரீம் இருந்தால், லேபிளைத் திருப்பிப் பாருங்க. மெர்குரி, மெர்குரிக், கேலமல் என்று இருந்தால் பாதரசம்தான். பல டப்பாக்களில் எதுவுமே எழுதியிருக்காது, அது இன்னும் மோசம். பெயரையும் நோட் எண்ணையும் என்பிஆர்ஏ இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம், ரத்தான பட்டியலும் அங்கேயே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பூசுவதை நிறுத்துங்க. முகம் எரிந்தாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ கிளினிக்குக்குப் போங்க. வெட்கப்பட்டு டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீங்க. ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையோடு கொண்டு போங்க, டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.